அந்த நேரம் ஆரிட்டக் கேட்டது?

எங்கள் பக்கத்தில் யாரிடம் நேரம் கேட்டாலும் நேரம் சொல்வார்கள். அவரிடம் கேட்டால் மட்டும் கேள்விதான் திரும்பி வரும்.

"தங்கச்சி, எத்தின மணி?"

"உங்கட கையில மணிக்கூடு கிடக்குத்தானே அண்ணன்?"

"இது எட்டரை எண்டு காட்டுது."

"அது ஆரிட்டக் கேட்டது?"

மணிக்கூடு யாரிடமாவது போய்க் கேட்குமா? நாற்பத்தைந்து வயது வரைக்கும் இப்படியொரு சந்தேகமே இல்லாமல் நிம்மதியாக வாழ்ந்தவன் நான். அவரோடு பழகிய முதல் மாதத்திலேயே என் மணிக்கூட்டைக் கழற்றி மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டுவிட்டேன். அது என்னைப் பார்த்துப் பொய் சொல்வது போலவே ஒரு நினைப்பு.

மட்டக்களப்பு நகரில் ஒரு சின்னக் கடையில் அவர் வேலை செய்தார். கணினிகளை வயர் இழுத்து ஒன்றோடொன்று பேச வைப்பதும், பேச மறுத்தால் ஏனென்று விசாரிப்பதும் அவருடைய தொழில். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நீல நிற ஸ்கூட்டி, பன் புல்லால் இழைத்த ஒரு பை, அதற்குள் வயர்ச் சுருளும் மடிக்கணினியும் சோற்றுப் பெட்டியும் ஒன்றாகக் கிடக்கும். யாரோ பொய் சொல்வதை முடிவு வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பவரின் பொறுமை முகத்தில் இருக்கும். மணிக்கூடு கட்டமாட்டார். ஆனால் பிந்தி வந்ததே இல்லை. வழியில் மூன்று பேரிடம் நேரம் கேட்டுக்கொண்டு வருவார். எங்கள் கணினிப் பயிற்சி நிலையத்துக்கு முன்னால் தேநீர்க் கடை வைத்திருந்தவர் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் உள்ளே குரல் கொடுப்பார்.

"எத்தின மணி அக்கா வாறாவு! மணிக்கூட்டையெல்லாம் ஒளிங்கடா!"

ஒரு நாள் ஏன் மூன்று என்று கேட்டேன்.

"ஒருத்தரிட்டக் கேட்டா நம்பத்தான் வேணும். ரெண்டு பேரிட்டக் கேட்டா ஆர் பொய் எண்டு தெரியாது. மூண்டு பேரிட்டக் கேட்டா பொய்யன் தனிச்சுப் போவான் அண்ணன்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்போது அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைக்கு அவர் வயர் இழுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். கடைக்குள் சண்டை. ஒரு பெண்ணின் கைப்பேசியைக் காணவில்லை. மூன்று நாற்பதுக்குக் கதைத்துவிட்டு வைத்தாராம், அதற்குப் பிறகு இல்லை. கடையின் கமெராவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதில் மூன்று நாற்பதுக்கு விற்பனையாளர் ஒருவர் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ எடுத்துப் பைக்குள் வைக்கிறார். முப்பது வயது ஆள், கல்யாணம் முடித்தவர், கண்கலங்கி நின்றார்.

"அல்லாவுக்காக ஹாஜியார், அது என்ட தொப்பி. தொழுதிட்டு வந்து வெச்சிட்டு மறுகா எடுத்த."

"கமெரா பொய் சொல்லுமாடா?" என்றார் முதலாளி.

வயர் இழுக்க ஏறியிருந்த ஏணியிலிருந்து அவர் இறங்கினார். "ஹாஜியார், உங்கட கமெரா ஆரிட்ட நேரம் கேட்டது?"

கடையே அவரைப் பார்த்தது. அவர் படத்தைப் பின்னால் ஓட்டினார். ஓட்டிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்குகிறார்கள், ஆண்கள் பள்ளிக்குப் போகிறார்கள். கமெராவின் மூலையில் மூன்று இருபது.

"அண்டைக்கு அஸர்த் தொழுகைக்கு பாங்கு எத்தினக்குச் சொன்ன?"

முதலாளி சொன்னார், விற்பனையாளர் சொன்னார், தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டதில் அவரும் சொன்னார். மூன்று நாற்பது.

"அப்ப உங்கட கமெரா இருவது நிமிசம் பிந்திக் கிடக்கு. நீங்க பாக்கோணுமெண்டா இதைப் பாருங்க."

மூன்று இருபது என்று பொய் சொன்ன அந்தப் படத்தில், கைப்பேசிக்காரப் பெண் கதைத்து முடித்துவிட்டு, விரித்துப் போட்ட துணிக் குவியலின் மேல் கைப்பேசியை வைக்கிறார். கடைப் பெண் ஒருவர் அதைத் துணியோடு சேர்த்து மடித்து மேல்தட்டில் அடுக்குகிறார். ஏணி ஏற்கெனவே அங்கேதான் நின்றது. படத்தை ஓட்டியவரே ஏறி எடுத்துக் கொடுத்தார். விற்பனையாளர் நன்றி சொல்ல வந்தபோது அவர் கமெராப் பெட்டியோடு முட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ், நீங்க மட்டும் வராட்டி..."

"கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க" என்றார்.

திரும்பும்போது மண்முனைப் பாலத்தால் போய் அக்கரையில் இன்னொரு வேலை பார்த்தோம். பாலத்தின் நடுவில் ஸ்கூட்டியை நிறுத்தினார். நானும் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். வாவி தகரம் விரித்தது போலக் கிடந்தது.

அவர் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரர். சண்டைக் காலத்தில் நாட்டின் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். கிழக்கே நகரம் இருக்கும் எழுவான்கரை அந்தப் புதிய நேரத்தில் நடந்தது. இயக்கத்தின் கையில் இருந்த அக்கரை பழைய நேரத்திலேயே இருந்தது. வாவியைக் கடக்கப் பாலம் இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு மிதவை போய்வரும், அதைத்தான் எங்கள் ஆட்கள் பாதை என்பார்கள்.

"சாதாரண தரப் பரீட்சை அண்ணன், கணக்குப் பேப்பர். பாதைக்காரரிட்ட முதல் நாளே கேட்டன், எட்டு மணிக்குள்ள அங்கால விட்டிருவன் எண்டார். விட்டார். அவர்ர எட்டு மணிக்கு."

"மறுகா?"

"மண்டபத்தில எட்டரை தாண்டிட்டு. அரை மணித்தியாலம் பிந்தினா உள்ள எடுக்க ஏலாதாம். கதவு பூட்டு. திரும்பிப் போகப் பாதையும் இல்ல. பேப்பர் முடியும் மட்டும் கதவடியில நிண்டன்."

அவ்வளவுதான். ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டார். நான் வழக்கம்போல ஏதாவது பகிடி விடலாமென்று தேடினேன். அன்று கிடைக்கவில்லை.

இனி என் கதை. சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கிருந்து தயாராகலாம்.

வாவிக்கரையில் நான் ஒரு கணினிப் பயிற்சி நிலையம் நடத்திவந்தேன். நானே அதிபர், நானே ஆசிரியர், தண்ணீர் மோட்டர் போடுவதும் நானே. இருபது கணினிகள், அவற்றுக்கெல்லாம் தலைமையாக ஒரு சேர்வர். வெளிநாட்டில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு இணையவழியில் ஒரு பரீட்சை நடந்தது. அதை எழுதும் இடமாக என் நிலையத்தைப் பிடித்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்குக் கணினியில் பரீட்சைக் கதவு திறக்கும். ஒன்பதரைக்குத் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே போகாதவருக்கு அந்தப் பரீட்சை இல்லை. திறக்கச் சொல்லி யாருடைய காலிலும் விழ முடியாது. பூட்டுவது ஆளில்லை, எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு இயந்திரம்.

எட்டு மணிக்கெல்லாம் இருபது பேரும் வந்துவிட்டார்கள். கதிரவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணுக்குப் பதினோராம் இலக்கக் கணினி. கணினிப் பரீட்சைக்கு மூன்று பேனை கொண்டுவந்திருந்தார்.

"சேர், இது பிழைச்சா மறுகா எடுக்கலாமா?"

"பயப்பிடாதீங்க தங்கச்சி. அடுத்த வருசமும் வரும்."

"வாற மாசத்தோட எனக்கு வயசு கூடிரும் சேர். எனக்கு இதான் கடசி."

எட்டே காலுக்கு ஒத்திகைக்காகப் பரீட்சை மென்பொருளைத் திறந்தேன். 'உங்கள் கணினியின் நேரம் பொருந்தவில்லை' என்று சிவப்பில் எழுதியது. அடுத்த கணினி, அதற்கடுத்தது, இருபதிலும் அதே சிவப்பு. என் கைப்பேசியைப் பார்த்தேன், எட்டே கால். கணினியைப் பார்த்தேன், எட்டே கால். பொருந்தத்தானே செய்கிறது! எதோடு பொருந்தவில்லை?

எனக்குப் பயம் வந்தால் கை முதலில் ஓடும். மூளை அடுத்த பஸ்ஸில்தான் வரும். பதினோராம் கணினியில் குந்தி மணிக்கூட்டை இரண்டு நிமிடம் முன்னே தள்ளினேன். சிவப்பு போகவில்லை. பின்னே இழுத்தேன். ஊஹூம். தள்ளிவிட்டுக் கையெடுத்தால் அது மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே வந்து நின்றது, விரட்டினாலும் அதே தொழுவுக்கு வரும் மாடு போல. ஆத்திரத்தில், கணினிக்குள் நேரத்தைச் சரிபார்க்கும் வேலையையே இனி எழும்பவே கூடாதென்று நிறுத்திவிட்டேன். அது நின்றதும் நான் தள்ளிய இடத்தில் அப்படியே நின்றது. ஏதோ பெரிய வெற்றி போல இருந்தது. சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பரீட்சைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பிறகுதான் எத்தின மணி அக்காவுக்கு எடுத்தேன்.

எட்டு முப்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தார். வாசலில் இருந்த இரண்டு பேரிடமும் தேநீர்க் கடைக்காரரிடமும் நேரம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்த நிமிடத்தில் அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

"இந்தக் கொம்பியூட்டரெல்லாம் ஆரிட்ட நேரம் கேக்குது?"

"சேர்வரிட்ட."

"சேர்வர் ஆரிட்டக் கேக்குது?"

நான் மேற்கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதற்கும் தெரியவில்லை.

அவர் சேர்வரின் முன் நின்றபடியே தட்டினார். மூலையில் தெரிந்த நேரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளே உலகப் பொது நேரம் என்னவென்று கேட்டார். வந்த எண்ணைப் பார்த்ததும் விரல்கள் நின்றன.

"அண்ணன், இதுக்கு முகம் சரி. வயிறு பிந்திக் கிடக்கு."

"எவ்வளவு?"

"அரை மணித்தியாலம்."

அதைச் சொன்ன குரல் வழக்கமான குரல் இல்லை. எனக்கோ அந்த இடத்திலேயே காரணம் விளங்கிவிட்டது. மூளை பஸ்ஸால் இறங்கியது.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தச் சேர்வரைப் பொருத்தியவன் நான். உலகத்தில் எந்தப் பகுதி நேரம் வேண்டும் என்று அது ஒரு பட்டியலைக் காட்டியது. இலங்கை என்றால் உலகப் பொது நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னே என்று என் தலைக்குள் கிடந்தது, சண்டைக் காலத்துப் புதிய நேரம். அது திரும்ப ஐந்தரையாக மாறி எத்தனையோ வருடமாகியும் தலை மாறவில்லை. ஊர்ப் பெயரைத் தேடாமல் ஆறைத் தேடி, டாக்கா என்று இருந்ததைத் தெரிவுசெய்துவிட்டேன். மணிக்கூடு அரை மணித்தியாலம் முந்திக் காட்டியது. கையால் பின்னே இழுத்துவிட்டேன். முகம் சரி. இருபது கணினிகளுக்கும் அதே டாக்கா. இருபதும் ஒரே பொய்யை ஒரே குரலில் சொன்னால் யாருக்குத் தெரியும்? மின்னஞ்சல்கள் மட்டும் அரை மணித்தியாலம் எதிர்காலத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. நான் அதை எங்கள் இன்டர்நெட்டின் வேகம் என்று பெருமைப்பட்டேன்.

சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் சேர்வரை வெளியே மூன்று இடங்களில் நேரம் கேட்க அனுப்பினார். பதில் வரவில்லை. ரவுட்டர் வழியை அடைத்திருந்தது.

"இதை ஆர் பூட்டின?"

"பாதுகாப்புக்கு..." என்று இழுத்தேன். தேவையில்லாத வாசலையெல்லாம் பூட்டியவனும் நான்தான். கடவுச்சொல்லை எங்கே எழுதினேன் என்று தேட ஒன்பது நிமிடம் போனது. வருகைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எரிவாயுக் கடை இலக்கத்துக்குக் கீழே இருந்தது.

ஒன்பதாவதற்குச் சற்று முன் வழி திறந்தது. மூன்று இடமும் பதில் சொன்னது. மூன்றும் ஒன்றையே சொன்னது. சேர்வரின் வயிறு சரியானது. டாக்கா முகம் ஒரே துள்ளாக ஒன்பது இருபத்தெட்டுக்குப் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் ஒவ்வொரு திரையாகத் துள்ளத் தொடங்கியது.

"ஐயோ, ஒன்பதரை!" என்று யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் இழுபட்டன. கதிரவெளிப் பெண் எழும்பி நின்று பக்கத்துத் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "முடிஞ்சுதா சேர்? பூட்டிட்டாங்களா?"

நான் சேர்வர் பக்கம் திரும்பினேன். அங்கிருந்து அவர்தான் மண்டபத்தின் நடுவில் போய் நின்றார்.

"மூலையில கிடக்கிற மணிய ஒருத்தரும் பாக்க வேணாம். அது இப்ப பொய். இன்னும் ஒன்பதாகல்ல. குந்துங்க. நான் வந்து தொட்ட பிறகு உள்ள போங்க."

ஒவ்வொரு கணினியாகப் போய், சேர்வரிடம் புதிதாக நேரம் கேட்கச் சொன்னார். முகத்தைத் திருத்த நேரமில்லை, வயிறு சரியானால் போதும். வலது வரிசையை அவர் எடுத்தார், இடது வரிசையை நான். நான் ஒரு கட்டளையை மூன்று தடவை பிழையாக அடித்தேன். பக்கத்திலிருந்த பெண் எழுத்தைக் காட்டித் தந்தார். சிவப்பு ஒவ்வொன்றாகப் போனது. ஒன்பது பதினெட்டுக்குப் பத்தொன்பது பேர் உள்ளே.

பதினோராம் இலக்கம் மட்டும் சிவப்பு.

அவர் மறுபடி கேட்கச் சொன்னார். அது கேட்கவில்லை. மறுபடி. கேட்கவே இல்லை. வேறு கணினிக்கு மாற்றவும் வழியில்லை, ஒவ்வொருவரின் பெயரும் ஒவ்வொரு கணினியோடு கட்டப்பட்டிருந்தது.

"அண்ணன், இதில ஆராவது கை வெச்சதா?"

"இல்லையே" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இதற்கு மேலும் ஒரு முட்டாள்தனத்தை அவர் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று ஒரு கள்ள நம்பிக்கை. அவர் வயரைக் கழற்றிப் பூட்டினார். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டார். அது எழும்ப மூன்று நிமிடம் எடுத்தது. ஒன்பது இருபத்திரண்டு. சிவப்பு. மேசைமேல் இருந்த மூன்று பேனைகளையும் அந்தப் பெண் ஒரே கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவர் கணினியின் பதிவேட்டைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டினார். எட்டு மணிக்குப் பிறகு எதையோ யாரோ நிறுத்தியதாக ஒரு வரி. அதற்கு மேலும் கீழும் நூறு வரி. அவர் திரும்பி அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க குந்த முதல் இதில ஆர் இருந்த?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். மரியாதையோடுதான் சொன்னார்.

"சேர்தான் மிஸ். கனநேரம் இருந்தவர். தள்ளித் தள்ளிப் பாத்தவர்."

ஒன்று நான். இரண்டு பதிவேடு. மூன்று அந்தப் பெண். பொய்யன் தனித்துப் போனேன்.

"நான்தான் நிப்பாட்டின" என்றேன். "அந்த நேரம் கேக்கிற வேலைய. அது திரும்பிப் போடல்ல."

அவர் உடனே விசைப்பலகைக்குத் திரும்பினார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்தியதைத் திரும்ப ஓடவிட்டார். கேட்கச் சொன்னார். ஒன்பது இருபத்தாறு. திரை கொஞ்சம் யோசித்தது. சிவப்பு போனது. அந்தப் பெண் பெயரை அடிக்க, ஓர் எழுத்துப் பிழைக்க, அழிக்க, திரும்ப அடிக்க, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாவது கேள்வி திரையில் வந்ததாகத் தேநீர்க் கடைக்காரர்தான் வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சைகை காட்டினார்.

பரீட்சை நடந்த நேரமெல்லாம் அவர் மண்டபத்துக் கதவடியில் நின்றார். நாற்காலி கொண்டுபோய் வைத்தேன், குந்தவில்லை. பிளேன் டீ கொண்டுபோனேன், அது கையிலேயே ஆறியது. இடையில் ஒரே தடவை உள்ளே போய்ச் சேர்வரின் முகத்தைத் திருத்திவிட்டு வந்து திரும்பவும் அதே இடத்தில் நின்றார். ஆறிய தேநீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டாக்காக் கதையை நானே சொன்னேன்.

"இலங்கை எண்டா ஆறு எண்டு தலையில கிடந்திட்டு தங்கச்சி. பட்டியல்ல ஆறைத் தேடி அமத்திட்டன்."

"ஆரிட்டக் கேட்டுப் போட்ட?"

"ஒருத்தரிட்டயும் கேக்கல்ல. எனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்த அரை மணித்தியாலம் இன்னும் இங்கதான் கிடந்திருக்கு என்ன?"

கோபமா, சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கடுத்த வருடம் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கேட்டுத் தெளியவும் ஆளில்லை.

கதவு திறந்தபோது கதிரவெளிப் பெண்தான் கடைசியாக வந்தார். எப்படி எழுதினார் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்.

"மிஸ், இப்ப எத்தின மணி? பன்னெண்டரைக்கு எங்கட பஸ்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். பாவம், இந்தப் பெண்ணுக்கு இப்போது கேள்விதான் கிடைக்கப்போகிறது.

அவர் கண்ணாடி வழியாகச் சேர்வரின் திரையை ஒரு தடவை பார்த்தார்.

"பன்னெண்டு பத்து. சுறுக்கா நடங்க, பிடிக்கலாம்."

யாரிடமும் கேட்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை நோக்கி நடந்தார்.

நான் சத்தமில்லாமல் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். பிறகு வாசலுக்குப் போய்த் தேநீர்க் கடைக்காரரிடம் ஒரு தடவை கேட்டேன். அதற்குப் பிறகுதான் லாச்சியைத் திறந்து, என் மணிக்கூட்டை எடுத்துத் திருத்தினேன்.